பெயரில்லாத லேகியமும் அப்பாவின் தூக்கமும்

கேள்வி: எங்கள் வீடு குலசேகரம் பக்கம். அப்பாவுக்கு 67 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர் பால் வெட்டியவர். போன வருஷம் அம்மா தவறிய பிறகு ராத்திரி தூக்கமே இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார். வெள்ளறடைக்கு அந்தப் பக்கம் ஒருவர் தரும் லேகியத்தை மூன்று மாதமாகச் சாப்பிடுகிறார். அகத்தியர் மலைக் காணிக்காரர் என்ற பழங்குடியினரின் மூலிகை என்று சொல்லித்தான் தருகிறார்கள். டப்பாவில் ஓர் எழுத்துகூட இருக்காது. நெல்லிக்காய் அளவு சாப்பிட்டால் அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிடுகிறார். ஆனால் இரண்டு வாரமாக விடியும்போது தள்ளாடுகிறார். வாய் வறண்டு நாக்கு ஒட்டுகிறது, சிறுநீர் சரியாகப் போகவில்லை என்கிறார். ஒருநாள் முற்றத்தில் அம்மா நிற்கிறாள் என்று கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். பிரஷருக்கும் புராஸ்டேட்டுக்கும் மாத்திரை உண்டு. நிறுத்தச் சொன்னால், "பச்சிலை என்ன செய்யும் மக்ளே? நம்ம பாட்டன் பூட்டன் தின்னதுதானே" என்கிறார். துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் அண்ணன், "இதுல கஞ்சாதான் இருக்கும், சிவமூலிகை, உடம்புக்கு நல்லது" என்று சொல்லி, தனக்கும் இரண்டு டப்பா கொண்டுபோகப் பார்க்கிறான். நிறுத்தலாமா? அதற்குப் பதிலாக எதைக் கொடுக்கலாம்?
— ஒரு மகள், குமரி மாவட்டம்

பதில் (சித்த மருத்துவர்):

அன்புள்ள சகோதரிக்கு,

பதிலாக எதைக் கொடுக்கலாம் என்பதைப் பிறகு பார்ப்போம். வாய் வறட்சி, சிறுநீர் அடைப்பு, இல்லாத ஆளோடு பேச்சு ஆகிய மூன்றும் ஒருவரிடம் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் அது காத்திருக்கிற விஷயம் இல்லை. இதைப் படித்த கையோடு அப்பாவைத் தக்கலை அரசு மருத்துவமனைக்கோ ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ கூட்டிப்போங்கள். நடக்க முடியாத அளவு தள்ளாடினாலோ, உடம்பு கொதித்தாலோ, அரை நாளாகச் சிறுநீரே போகவில்லை என்றாலோ 108ஐக் கூப்பிடுங்கள். லேகிய டப்பாவையும், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டதைச் சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று பலர் மறைத்துவிடுகிறார்கள். திட்டினாலும் பரவாயில்லை, சொல்லுங்கள். வயதானவருக்குப் புத்தி தடுமாற மருந்து மட்டும்தான் காரணம் என்பதில்லை. சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் உப்புச் சத்து குறைவது, சின்னப் பக்கவாதம் எல்லாமே இப்படித்தான் தொடங்கும். சோதித்துப் பார்த்துத்தான் ஒவ்வொன்றாக விலக்க வேண்டும்.

இன்றிரவு லேகியம் வேண்டாம். ஆனால் வீட்டிலேயே நிறுத்திவிட்டு, தானாகச் சரியாகிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். பெயரில்லாத தூக்க லேகியங்களில் அல்பிரசோலம், டயசிபாம் போன்ற தூக்க மாத்திரைகளைப் பொடித்துக் கலப்பது நடக்கிற கதை. கள்ளில்கூட இவற்றைக் கலந்து பிடிபட்டிருக்கிறார்கள். மாதக்கணக்கில் சாப்பிட்ட இந்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், சிலருக்கு வலிப்பே வரும். அதனால்தான் நிறுத்துவது டாக்டரின் கண் முன்னால் நடக்க வேண்டும் என்கிறேன். சிறுநீர்ச் சோதனையில் இந்த மாத்திரை வகையும் கஞ்சாவும் தெரிந்துவிடும். நான் சந்தேகப்படும் ஊமத்தை அந்த வழக்கமான சோதனையில் தெரியாது. டாக்டர் கண்ணையும் வாயையும் நாடித்துடிப்பையும் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்.

எனக்கு முதல் சந்தேகம் ஊமத்தை மேல்தான். இல்லாவிட்டால் அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த குரோசாணி ஓமம். அண்ணன் சொல்லும் கஞ்சா எனக்கு இரண்டாவதுதான். கஞ்சாவிலும் வாய் உலரும், தள்ளாட்டம் வரும். ஆனால் கண் சிவக்கும், பசி கிளம்பும். கண்மணி (கருவிழியின் நடுவிலுள்ள கறுப்பு வட்டம்) அகன்று வெளிச்சத்தில் கண் கூசுவது, தோல் வறண்டு சூடாவது, சிறுநீர் அடைபடுவது, ஆடையைப் பிடுங்கிக்கொண்டு இல்லாதவரோடு பேசுவது ஆகியவை ஊமத்தையின் கைவரிசை. அதிலுள்ள அட்ரோபின், ஸ்கோபாலமின் என்ற சத்துகள் எச்சில், வியர்வை, சிறுநீர்ப்பை எல்லாவற்றையும் இயக்குகிற நரம்பு வழியைத் தடுத்துவிடுகின்றன. புராஸ்டேட் வீங்கியவருக்கு இது எரிகிற தீயில் எண்ணெய். அவருக்குக் கண்ணில் அழுத்தநோயும் இருந்தால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி முன் நிறுத்தி அப்பாவின் கண்மணியைப் பாருங்கள். பகல் வெளிச்சத்திலும் பெரிதாகவே இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மனைவியை இழந்தவர்களுக்கு அவர் குரல் கேட்பதுபோலவும், வாசலில் நிழலாடுவதுபோலவும் தோன்றுவது உண்டு. அது தனியாக வந்தால் நான் பயப்பட மாட்டேன். மற்ற குறிகளோடு சேர்ந்து வந்ததால்தான் அவசரப்படுத்துகிறேன்.

ஊமத்தையைப் பற்றி இவ்வளவு பயமுறுத்திவிட்டு அது எங்கள் மருத்துவத்தில் இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஊமத்தை இலைச்சாறும் தேங்காயெண்ணெயும் மயில்துத்தமும் சேர்த்துக் காய்ச்சும் மத்தன் தைலம், ஆறாத புண்ணுக்குச் சித்த மருத்துவமனைகளில் இன்றும் பயன்படும் பச்சை எண்ணெய். புண்ணில் போடுவதற்கு அது அருமையான மருந்து. உள்ளுக்குக் கொடுக்கும் மருந்துகளும் உண்டு. ஆனால் அவற்றுக்கு விதையைத் துணியில் முடிந்து பாலில் தொங்கவிட்டு வேகவைத்துச் சுத்தி செய்வார்கள். அளவு குன்றிமணிக் கணக்கு, அதாவது ஒரு குன்றிக்கு 130 மில்லிகிராம். உங்கள் அப்பா சாப்பிடுவது நெல்லிக்காய் அளவு. பாட்டன் பூட்டன் தின்றார்கள் என்பதற்கு என் பதில் இந்த இரண்டு அளவுக்கும் உள்ள தூரம்தான். அந்தக் காலத்து ஆசான்கள் இந்தச் செடிகளைக் கண்டு பயந்தார்கள். பயந்ததால்தான் சுத்தி, பத்தியம், இத்தனை நாள்தான் என்ற கெடு, மருந்து முறிவு எல்லாம் வைத்தார்கள். கொடுத்தவர் நாலு வீடு தள்ளித்தான் இருந்தார். நாடி பார்த்து மறுநாளே அளவை மாற்றினார். மூன்று மாதத்துக்கு ஒரே டப்பாவை விற்றுவிட்டு ஆளைத் திரும்பிப் பார்க்காதவரை எந்த மரபில் சேர்ப்பது?

காணிக்காரர் பெயரை இதில் இழுத்திருப்பது எனக்குக் கோபமாகவே இருக்கிறது. காணி மக்கள் பேச்சிப்பாறை, கோதையாறு, பாபநாசம் மலைகளிலும் கேரளத்து அகத்தியர் மலைச் சரிவிலும் வாழ்கிறவர்கள். அவர்களால் உலகம் அறிந்த செடி ஆரோக்கியப்பச்சை. 1987இல் அந்தக் காட்டுக்குள் போன ஆராய்ச்சியாளர்கள் ஏற முடியாமல் மூச்சுவாங்க, வழிகாட்டிய காணிக்காரர்கள் ஒரு சின்னக் காயை மென்றுகொண்டு சளைக்காமல் நடந்தார்களாம். கேட்டுத் துருவித்தான் அந்தச் செடி வெளியே தெரிந்தது. பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கு ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. அது களைப்புப் போக்கும் செடி. ஆளைத் தூங்கவைக்கும் செடி அல்ல. தூக்க லேகியத்துக்கு அவர்கள் பெயரை ஒட்டுவது வெறும் வியாபாரம்.

கஞ்சாவுக்கு வருகிறேன். அது எங்கள் நூல்களில் உள்ள சரக்குதான், மறைக்கவில்லை. தண்ணீரில் பச்சைச் சாயம் போகும்வரை கழுவி, உலர்த்தி, நெய்யில் வறுத்துத்தான் லேகியங்களில் சேர்ப்பார்கள். பழைய கைகளுக்குக் காரணம் தெரிந்திருந்ததோ இல்லையோ, கஞ்சாவின் போதைச் சத்து நெய்யில்தான் கரையும், சூட்டில்தான் முழுதாகத் திறக்கும். வயிற்றுக்குப் போகும் கஞ்சா வேலை செய்ய ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் "ஒன்றும் ஏறவில்லையே" என்று இன்னொரு உருண்டையை விழுங்கிவிட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். இதயம் படபடக்கும், எழுந்து நின்றால் பிரஷர் இறங்கும், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற முதியவர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மீதி வாழ்க்கை கட்டிலில்தான். "இயற்கையானது" என்று அண்ணன் சொன்னால், எட்டிக்கொட்டையும் அரளி விதையும் இயற்கையானவைதான் என்று சொல்லுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று குறிப்பது செடியின் பூவும் காயும் கொண்ட நுனியை. தனி இலையை அது மாநிலங்களின் பொறுப்பில் விட்டது. மருந்து விதிகளின் 'இ 1' அட்டவணையில் சித்த மருத்துவத்துக்கு ஒரு நச்சுச் சரக்குப் பட்டியல் உண்டு: அபினி, கஞ்சா, ஊமத்தை, எட்டி, நாபி, நேர்வாளம், சேராங்கொட்டை என்று போகும். இவை சேர்ந்த மருந்து என்றால் மருத்துவ மேற்பார்வையில் மட்டும் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை டப்பாவில் இருந்தாக வேண்டும். உரிம எண், தொகுதி எண், சரக்குகளின் பெயர், செய்த தேதியும் வேண்டும். உங்கள் டப்பாவில் ஓர் எழுத்தும் இல்லை என்கிறீர்கள். அதற்குமேல் அந்த மருந்தைப் பற்றி விசாரிக்கத் தேவையில்லை.

இன்னொரு செடியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் லேகியத்தை நிறுத்தியதும் யாராவது இதைச் சிபாரிசு செய்வார்கள். சிவன் அமல்பொடி, மலையாளத்தில் அமல்பொரி, கடைக்காரர்கள் வாயில் சர்ப்பகந்தா. வடநாட்டில் பித்துக்கு மருந்து என்றே பெயர் வாங்கிய வேர் இது. 1931இல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இது மனக்கொந்தளிப்பையும் ரத்த அழுத்தத்தையும் தணிக்கிறது என்று எழுதினார்கள். 1949இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் இதைப் பற்றி ஆங்கில மருத்துவ இதழில் எழுதியதும் உலகமே திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தார் அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தார்கள். நம் வேர் ஒன்று மேல்நாட்டு மனநல மருத்துவத்துக்குள் நேராக நுழைந்த கதை இது; எங்கள் கல்லூரிகளில் பெருமையோடு சொல்வோம். பெருமையில் அடுத்த பக்கத்தைச் சில சமயம் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். ரெசர்பின் மூளையில் மகிழ்ச்சிக்கும் ஊக்கத்துக்கும் வேண்டிய ரசாயனங்களை வற்றச் செய்கிறது. சாப்பிட்டவர்களில் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வில் விழுந்தார்கள். மனைவியை இழந்து ஒரு வருஷமான மனிதருக்கு, அதுவும் ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, இந்த வேரைப் பரிந்துரைக்க எனக்குக் கை வராது.

எல்லைப் பக்கத்தில் இருக்கிற நமக்கு இன்னொரு தொந்தரவு. களியக்காவிளைக்கு அந்தப் பக்கக் கடையில் பிரம்மி கேட்டால் நீர்ப்பிரம்மி வரும். இந்தப் பக்கம் சில கடைகளில் வல்லாரையை நீட்டுவார்கள். சங்குபுஷ்பி என்றால் கேரளத்தில் நீலப்பூக் காக்கணம். வடக்கே இருந்து வரும் சிரப்பில் வேறொரு செடி. இரண்டு பக்கத்துப் பொட்டலங்களையும் மாற்றி மாற்றி வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது அப்பாவின் தூக்கம். அவர் பால் வெட்டியவர் என்று நீங்கள் எழுதியது எனக்குப் பெரிய துப்பு. வெயில் ஏறுவதற்கு முன் மரத்தில் நீர் அழுத்தம் கூடுதலாக இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். அதனால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன்னே தோட்டத்தில் இறங்கிய உடம்பு அது. முப்பது வருஷம் எட்டு மணிக்குப் படுத்து இரண்டு, மூன்று மணிக்கு எழுந்தவர், கத்தியைக் கீழே வைத்ததும் ஆறு மணி வரை தூங்குவார் என்று எதிர்பார்க்கலாமா? லேகியத்துக்கு முன்னால் எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு விழித்தார், பகலில் எவ்வளவு கண்ணயர்ந்தார் என்று கேட்டுக் கூட்டிப் பாருங்கள். எட்டிலிருந்து ஒன்றரை வரையும், மதியம் ஒரு மணி நேரமும் தூங்கியிருந்தால் கணக்கு ஆறரை மணி. 67 வயதுக்கு அது மோசமில்லை. அவர் "தூக்கமே இல்லை" என்றது, ஒன்றரை மணிக்கு விழித்தால் பேசுவதற்கு ஆள் இல்லை என்பதாகவும் இருக்கலாம். முன்பு அந்த நேரத்தில் அம்மா எழுந்து கட்டன்சாயா போட்டிருப்பார், இல்லையா?

உடம்பு தேறி வீட்டுக்கு வந்த பிறகு படுக்கும் நேரத்தைப் பத்து மணிக்குத் தள்ளுங்கள். ஒரே நாளில் வேண்டாம், வாரத்துக்குக் கால் மணி அரை மணியாக. மாலை ஐந்துக்குப் பிறகு கட்டன்சாயா கிடையாது. மதியத் தூக்கம் அரை மணிக்குமேல் வேண்டாம். பிரஷர் மாத்திரையில் சிறுநீரைக் கூட்டும் வகை இருந்தால் அதைக் காலைக்கு மாற்றலாமா என்று எழுதிக்கொடுத்த டாக்டரையே கேளுங்கள். ராத்திரியில் நாலு தடவை கொல்லைப்புறம் போகிறவருக்கு எந்த மூலிகையும் தூக்கம் தராது. விடியற்காலையில் அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். பால் சொசைட்டிக்குப் போவதோ, கோவிலோ பள்ளிக்கூடப் பேத்தியோ, எதுவானாலும் சரி.

மருந்து என்று கொடுத்தால் நான் முதலில் நினைப்பது அமுக்கராச் சூரணம். அதன் செய்முறையே அழகு: கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று ஒவ்வொன்றும் இரட்டித்துக்கொண்டே போகும். இரவில் ஒரு கிராம் பாலோடு தொடங்குவோம். அடித்துப் போடாது, இரண்டு மூன்று வாரத்தில் மனப் பரபரப்பு மெதுவாகத் தணியும். ஆனால் இதுவும் பயமில்லாத மருந்து இல்லை. தைராய்டு சுரப்பைக் கூட்டலாம், மிகச் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது, தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் இரட்டிக்கும். சர்க்கரை நோய் இருந்தால் சூரணத்தில் பாதி சர்க்கரை என்பதையும் மறக்க வேண்டாம். புராஸ்டேட் வீக்கம் எந்த வகை என்று தெரிந்து, மருத்துவமனையில் அவர் உடம்பிலிருந்து லேகியம் முழுதாக இறங்கி, ரத்தச் சோதனை முடிவு கையில் வந்த பிறகுதான் இது. அரசுச் சித்த மருத்துவப் பிரிவில் காட்டி வாங்குங்கள், சந்தைப் பொடி வேண்டாம்.

உங்கள் ஊரில் பாதி வீட்டு முற்றத்தில் ஜாதி மரம் நிற்கும். பாலில் ஜாதிக்காய் இழைத்துக் குடிப்பதும் பழைய வழக்கம். கல்லில் இரண்டு உரசு உரசினால் ஒட்டுகிற விழுது போதும். அதிகமானால் நன்மை கூடும் என்று ஒரு கொட்டையைப் பொடித்துப் போட்டுவிடக் கூடாது. ஏறக்குறைய 5 கிராம் வயிற்றுக்குள் போனாலே வாந்தி, படபடப்பு, பிதற்றல் என்று ஒரு நாளைக்கு மேல் ஆட்டிவைக்கும். புத்தி தெளியும்வரை அப்பாவுக்கு அதுவும் வேண்டாம். மேல்பூச்சாகச் செய்வதில் தடையில்லை: உள்ளங்காலில் வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தேய்த்துவிடுங்கள். கேரளத்து ஆயுர்வேத மருத்துவமனைகளில் நெல்லிக்காயும் முத்தக்காசும் சேர்த்த மோரைத் தலையில் ஊற்றும் தக்ரதாரை உண்டு. வயிற்றுக்குள் எதுவும் போகாமல் மனம் அடங்குகிற சிகிச்சை. வசதியிருந்தால் மழைக்காலம் கழிந்ததும் செய்யலாம். பத்மநாபபுரம் அரண்மனையில் 64 வகை மூலிகை மரத்தால் செய்த ராஜாவின் கட்டிலைக் காட்டுவார்கள். அதில் படுத்தவர் நிம்மதியாகத் தூங்கினாரா என்று எந்த வழிகாட்டியும் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்பாவிடம் ஒரு கேள்வியை நேராகக் கேட்டுவிடுங்கள்: "இருந்து என்ன பிரயோசனம் என்று தோன்றுகிறதா அப்பா?" கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், அப்படி ஆகாது. ஆமாம் என்றாலோ பேச்சை மாற்றினாலோ மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அண்ணனுக்கு: அந்த டப்பா விமான நிலையத்தைத் தாண்டக் கூடாது. அதில் கஞ்சா இருப்பதாக அவரே நம்புகிறார். தெரிந்தே எடுத்துப்போகிற பொருளுக்கு அமீரகத்தில் மூலிகை என்ற சமாதானம் எடுபடாது. அவருக்கும் தூக்கம் வரவில்லை என்றால் லீவு முடிவதற்குள் இங்கே ஒரு டாக்டரைப் பார்த்துச் சீட்டு வாங்கட்டும். கட்டுப்பாடு உள்ள மாத்திரை என்றால் அந்நாட்டு அரசின் இணைய அனுமதியை முன்கூட்டியே பெறட்டும். பெட்டி கட்டும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள். நம் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிற கசகசா, அபினிச் செடியின் விதை என்பதால், அங்கே தடை செய்யப்பட்ட பொருள். அந்தப் பொட்டலத்தையும், கசகசா அரைத்துச் சேர்த்த மசாலாப் பொடி இருந்தால் அதையும் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள்.